ஐம்பதுக்கு இன்னும் எட்டு வருடம்

ஜனவரி 12, திங்கள்

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்துவிட்டது. காலையில் மருத்துவமனையின் இரண்டாம் மாடி முழுவதும் துடைத்தேன். ஊழியர் அறையில் உடை மாற்றிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் பஸ்ஸைப் பிடித்து ஆய்வகப் பரிசோதனைப் படிப்பின் மதிய வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். எத்தனை முறை கழுவினாலும் கையிலிருந்து கிருமிநாசினி வாசனை போவதில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. வாய் ஓயாமல் பேசுவதால் குருவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வந்தாலே லேப் சுத்தமாயிடுது" என்றாள். கிண்டல்தான். ஆனால் பாசமான கிண்டல்.

போன பருவத்தின் மதிப்பெண் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். பழக்கதோஷம், நான் கீழிருந்து தேட ஆரம்பித்தேன். மேலே போய்க்கொண்டே இருந்தேன். ரத்தப் பரிசோதனைப் பாடத்தில் என் பெயர் உச்சியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன். என் மாமியார்தான். மகன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபோது, "போறவன் போகட்டும், என் வீடு இதுதான்" என்று என்னோடும் என் மகளோடும் தங்கிவிட்டவர். யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சில நாள் நானே நம்புவதில்லை.

"முதலா? கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேரு?"

"முப்பத்தாறு அத்தை."

"அப்ப சரி. மூணு பேர்ல முதல்னா சொல்லிக்க முடியாது."

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. கதவருகே நின்று, "அஞ்சுல வளையாதது அம்பதுலயா வளையப்போகுது?" என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவளுக்கு நாப்பத்திரண்டுதான் ஆகுது. அம்பதுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு. மெதுவா வளையட்டும்."

ஜனவரி 13, செவ்வாய்

இன்று மறுபடியும் போய் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

உண்மையான ஊசி, உண்மையான கை. ஒருவருக்கொருவர் ரத்தம் எடுத்துப் பழக வேண்டும். குருவி எனக்குக் கை நீட்டினாள். மெலிந்த கை. தொட்டால் நரம்பு தெரிகிறது, ஊசியைக் கொண்டுபோனால் நழுவி ஒளிந்துகொள்கிறது. முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவள் கண்ணில் தண்ணீர்.

"பரவாயில்லக்கா, நான் சும்மாவே அழுவேன்" என்றாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. மூன்றாவது முறை குத்த மாட்டேன் என்று ஊசியை வைத்துவிட்டேன். இருபது வருடமாக மாப்பு பிடித்துத் தடித்துப்போன விரல் இது. இதற்கு நரம்பு எங்கே தட்டுப்படும்? ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா? பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

வந்துவிட்டது!

ஆசிரியர் சொன்னது இதுதான்: "கண்ணால தேடாதீங்க. கண்ணை மூடிட்டு விரலால தேடுங்க." மூடினேன். தோலுக்கு அடியில் மெல்லிய ரப்பர் போல ஒன்று, அழுத்தினால் எழும்பியது. கண்ணைத் திறந்து ஊசியை வைத்தேன். டியூபில் சிவப்பு ஏறியது. குத்தியதே தெரியவில்லை என்று குருவி சத்தியம் செய்தாள். அதில் பாதி பொய்யாக இருக்கும், இருக்கட்டும்.

தடித்த விரல் ஏமாற்றவில்லை. பாவம், அதைப் போய்த் திட்டினேனே.

பிப்ரவரி 27, வெள்ளி

எங்கள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். எப்போதும் ஏதாவது பாட்டை விசிலடித்துக்கொண்டு வருவதால் அவருக்கு விசில் என்று பெயர். இன்று விசில் இல்லை.

"ஒருத்தங்க நின்னுட்டாங்க. முழு நேரம் நீங்க எடுத்துக்கறீங்களா? உங்களைத்தான் முதல்ல கேக்கறேன்."

நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் முழு நேரம் என்றால் மதிய வகுப்பு போய்விடும். கடைசி வருடம். கரை கண்ணில் தெரியும்போது துடுப்பைப் போட முடியுமா? இப்போது இருப்பது ஒரு முக்காலி: காலையில் வேலை, மதியம் படிப்பு, மீதிக்கு அரசாங்கம் தரும் குடும்ப உதவித்தொகை. ஒரு கால் போனாலும் கவிழும்.

வேண்டாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க மறுத்ததை உதவித்தொகை ஆபீசுக்குச் சொல்லியாகணும்மா. விதி அப்படி."

மார்ச் 9, திங்கள்

நிறுத்திட்டாங்க.

முழு நேர வேலை கிடைத்தும் மறுத்ததால் இந்த மாதத்திலிருந்து உதவித்தொகை கிடையாது. அலுவலகத்துக்கு நேரில் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர் சின்ன வயதுக்காரர். குரல் உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "வேலை செய்ய முடியாதவங்களுக்குத்தான் இது. உங்களால முடியுதே" என்றார்.

என்னால முடியுதுன்னுதானே ரெண்டையும் செய்யறேன்! முடியாதவளா இருந்தா வீட்லயே படுத்திருக்க மாட்டேனா? படிக்கறது ஒரு குத்தமா? இத்தனையும் அங்கே வாயில் வரவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரிங்கவாம். எது சரி?

மேல்முறையீடு செய்யலாமாம். அதையும் அவர்தான் சொன்னார். போகும்போது, மெதுவாக.

மார்ச் 10, செவ்வாய்

முடிவு எடுத்துவிட்டேன், படிப்பை நிறுத்திவிடலாம், விசிலிடம் போய்க் கேட்டால் அந்த வேலை இன்னும் இருக்கும் — இப்படிச் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனேன். மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது. எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். அவள், "அப்ப நானும் நிறுத்திடறேன்" என்றாள்.

"நீ எதுக்குடி நிறுத்தணும்?"

"நீ எதுக்கு நிறுத்தறியோ அதுக்குத்தான்."

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்திரம் கழுவினார். பிறகு, "மேல் மாடியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, குழந்தையைப் பாத்துக்க ஆள் தேடறாங்க. நான் பேசிட்டேன்" என்றார்.

"எப்பப் பேசினீங்க?"

"நீ நேத்து அந்த மூஞ்சியோட படியேறி வந்தியே, அப்பவே."

ஏப்ரல் 1, புதன்

மேல் மாடிக் குழந்தை இன்று அத்தையின் மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டது. அத்தைக்குக் கோபமே வரவில்லை. "என் பிள்ளையும் இப்படித்தான் எல்லாத்தையும் உடைப்பான்" என்றார். பிறகு உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்து பொறுக்கினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

விசாரணை நாள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி, இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். காலை வேலை முடித்து நேராகப் போனதால் கால் இரண்டும் கனத்தன. நன்றாகப் பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் பறந்துவிட்டது.

இடது பக்கம் இருந்தவர் கேட்டார்: "வேலை குடுத்தும் வேண்டாம்னு சொல்லிருக்கீங்க. அப்புறம் அரசாங்கம் ஏன் உதவணும்?"

"வேலை வேண்டாம்னு சொல்லல சார். இன்னிக்குக் காலையிலகூட செஞ்சுட்டுதான் வரேன். படிப்பை விட முடியாதுன்னுதான் சொன்னேன்."

"படிச்சு முடிச்சா வேலை கிடைக்கும்னு என்ன உத்தரவாதம்?"

எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. பயமாக இருக்கவில்லை.

"அதுக்கு உத்தரவாதம் இல்ல சார். ஆனா இப்ப நிறுத்தினா, அடுத்த வருஷமும் அதுக்கு அடுத்த வருஷமும் நான் உங்ககிட்டதான் வந்து நிப்பேன். அதுக்கு வேணா நானே உத்தரவாதம் தரேன். படிப்பு முடியற வரைக்கும் பொறுத்தீங்கன்னா, உங்களுக்கும் என் தொல்லை விட்டுது."

நடுவில் இருந்தவர் தும்மினார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்தார்.

வெளியே வந்தபோதுதான் மனப்பாடம் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. நல்ல வேளை. உள்ளே வந்து குழப்பவில்லை.

ஏப்ரல் 29, புதன்

படிப்பு முடியும் வரை உதவித்தொகை தொடரும். நிறுத்திய இரண்டு மாதத்துக்குக் கிடையாது. பாதி வெற்றி என்றேன் மகளிடம். "பாதி டம்ளர் தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கும்மா" என்றாள். யாரிடம் கற்றுக்கொள்கிறாள் இப்படிப் பேச? எனக்குத் தெரியும் யாரிடமென்று. சமையலறையில் ஒன்றும் தெரியாதவர் போலக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, திங்கள்

செயல்முறைப் பயிற்சி தொடங்கியது. இடம்? நான் துடைக்கிற அதே மருத்துவமனை, அதே இரண்டாம் மாடி. காலையில் நீலச் சட்டை, மதியம் வெள்ளைக் கோட்டு. ஊழியர் அறைக் கண்ணாடியில் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். தோள் கொஞ்சம் பெரிது. கழற்ற மனம் வரவில்லை.

வார்டில் நுழைந்ததும் நர்ஸ் ஒருவர் தலை நிமிராமல், "அம்மா, இங்க தண்ணி கொட்டியிருக்கு, கொஞ்சம் துடைச்சிடுங்க" என்றார். மாப்பு சுவரோரம் இருந்தது. எடுத்துத் துடைத்தேன். பிறகு கையைக் கழுவி, கையுறை போட்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ரத்தம் எடுத்தேன். அப்போதுதான் நர்ஸ் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க. பழக்கத்துல சொல்லிட்டேன்."

"பரவாயில்ல சிஸ்டர். நானும் பழக்கத்துலதான் துடைச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். கட்டிலில் இருந்தவர், தன்னை வைத்துத்தான் சிரிக்கிறோமோ என்று சந்தேகமாகப் பார்த்தார்.

துடைத்ததில் எனக்கு ஒரு குறைவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். இல்லை.

ஜூலை 8, புதன்

அத்தைக்குச் சர்க்கரைப் பரிசோதனை. வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னோடு பயிற்சி பெறும் இளைஞன் கூப்பிட்டதற்கு வர மறுத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு ஃப்ரீயாகட்டும். நான் அங்க போறேன்."

"எல்லாரும் ஒரே மாதிரிதான் எடுப்போம் பாட்டி."

"இருக்கலாம். அது என் மருமக."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே வந்து கையை நீட்டினார். ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்துப் பஞ்சு வைத்ததும் கேட்டார்: "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் வாசல் வரைக்கும் அந்தப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே போனார்.

செப்டம்பர் 21, திங்கள்

கடைசித் தேர்வு முடிந்தது. தூக்கம். தூக்கம். தூக்கம்.

நவம்பர் 5, வியாழன்

தேறிவிட்டேன். முதல் இடம் குருவிக்கு. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சும்மாவே அழுபவள், காரணம் வேறு கிடைத்துவிட்டது. எனக்கு மூன்றாவது இடம். கொஞ்சம் வலித்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும். வலிக்கிற அளவுக்கு எனக்கும் ரோஷம் இருக்கிறது என்பதே பெரிய சந்தோஷம்.

பயிற்சி பெற்ற ஆய்வகத்திலேயே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விசிலிடம் சொன்னேன். நீளமாக ஒரு விசில் அடித்தார். பாட்டு இல்லை, வெறும் விசில்தான்.

நவம்பர் 24, செவ்வாய்

உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். அடுத்த மாதத்திலிருந்து வேலை, இனி வேண்டாம் என்று சொல்ல. போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்ல ஆசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதே சின்ன வயது அலுவலர். விவரத்தைக் கேட்டுக்கொண்டவர், எழுந்து நின்று, தடுப்பின் கீழிருந்த சின்ன இடைவெளி வழியாகக் கையை நீட்டினார். குனிந்து குலுக்கினேன்.

வாங்கியதில் எனக்கு வெட்கம் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது, பிடித்து ஏறினேன். அடுத்து ஏறுகிறவருக்கு அது அறுந்துபோகாமல் இருக்கட்டும்.

டிசம்பர் 1, செவ்வாய்

முதல் நாள் வேலை.

லிஃப்டை விட்டு வெளியே வந்தேன். இரண்டாம் மாடி வராந்தா முழுக்க ஈரம். என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பெண் ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் மாப்பை இழுத்து வழிவிட்டாள். "பாத்துப் போங்க மேடம், வழுக்கும்."

மேடம் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை, ஆய்வகம் திறந்துவிட்டது. ஆனாலும் போகவில்லை. எத்தனை வருடம் துடைத்திருக்கிறேன், ஈரம் காயட்டும் என்று யாரும் எனக்காக நின்று பார்த்ததில்லை.

"காயட்டும்மா, நான் நிக்கறேன்" என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். மின்விசிறியைப் போட்டாள். இரண்டு பேரும் நின்றோம்.