ஆண்டுவிழாவில் ஃபாரோ சொன்ன பெயர்

ஜூன் 9, செவ்வாய்

முழங்காலில் மறுபடி நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, இந்த வயதில் எதற்கு இவ்வளவு பாரம் தூக்குகிறாய் என்று திட்டினார். நான் பீர் லாரியில் பெட்டி ஏற்றுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முகமூடி போட்டுப் பிழைக்கிறவன் டாக்டரிடமும் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து மல்யுத்தக் கம்பெனிக்குப் போனேன். முதலாளி தோன் லம்பெர்த்தோ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்போதே சந்தேகம் வந்தது. செப்டம்பர் ஆண்டுவிழாவில் கடைசிச் சண்டை ஃபாரோவுக்கும் எனக்குமாம். முகமூடிக்கு முகமூடி. தோற்றவன் எல்லோர் முன்னாலும் அவிழ்க்க வேண்டும். தோற்கப் போவது ஃபாரோ என்றும் முடிவாகிவிட்டது.

ஃபாரோ. ஆண்டுவிழா என்றாலே மெக்ஸிகோ நகரம் முழுக்க அவன் பெயர்தான். எத்தனை பேருடைய முகமூடியை அந்த ரிங்கில் உருவியிருக்கிறான். ஒரு தடவைகூடத் தன்னுடையதைக் கழற்றியதில்லை. நான் கந்துவட்டிக்காரன். கம்பெனி வைத்த பெயர். ஜனங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டுமே. இருபது வருடத்துக்கு மேலாக அவனிடம் அடி வாங்கியே வீடு கட்டினேன். இப்போது ஜெயிக்கச் சொல்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான்.

ஜூன் 12

அன்செல்மோவோடு பொசோலே சூப் குடிக்கப் போனேன். ஃபாரோவும் கந்துவட்டிக்காரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறோம், கடைக்காரருக்குத் தெரியாது. முகமூடி இல்லாவிட்டால் நாங்கள் தொப்பை விழுந்த இரண்டு கிழவர்கள். ஒரே கூடத்தில் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள்.

தோற்பதாக அவனே போய்க் கேட்டானாம். எனக்குக் கோபம் வந்தது. ஏண்டா என்றேன். தோற்றவன் மைக்கைப் பிடித்துப் பெயர், ஊர், எத்தனை வருடம் சண்டை போட்டான் என்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். சொன்னதும் அரீனா எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்தும். அவனுக்கு அது வேண்டுமாம்.

"வருஷா வருஷம் ஃபாரோ, ஃபாரோன்னு கத்துறானுங்க. அது துணியோட பேருடா. ஒரே ஒரு தடவை அன்செல்மோன்னு கத்தட்டும். காது குளிரக் கேட்டுட்டு இறங்கிடறேன். உருவுறது உன் கையா இருக்கணும், திபு. நேத்து வந்த பொடியனுங்க கையா இருக்கக் கூடாது."

சூப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, வெள்ளி

இன்று கூடத்தில் ஒன்று நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பொழுது போயிற்று.

பயிற்சிச் சண்டை. வழக்கம்போல் பிடிக்கும்போது காதோடு சொல்வான், "திபு, கயிறு." நான் கயிற்றுப் பக்கம் ஓடுவேன். "திபு, தூக்கு." தூக்குவேன். ரிங்கில் பிறத்தியாருக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் என் பெயரைச் சொல்கிறவன் அவன் ஒருவன்தான். இன்று பாதியில் பெயர் நின்றுவிட்டது. நான் சொல்லாத இடத்தில் குனிந்தான், நான் இல்லாத மூலையைப் பார்த்து உதைத்தான். முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த அடிகள் புரிந்தன. அது என்னோடு போடும் சண்டையே இல்லை. மலைப்பாம்பு என்று ஒருவன் இருந்தான், செத்துப் பல வருடமாகிறது. அவனோடு ஃபாரோ போட்ட ஆண்டுவிழாச் சண்டை. நடைவழியில் நின்று பார்த்தவன் நான். அடி மாறவில்லை.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கூட்டம் எப்படி?" என்று கேட்டான். கூடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

ஜூலை 4

வயசு. அவ்வளவுதான். எனக்கும்தான் சாவி வைத்த இடம் தெரிவதில்லை.

ஜூலை 21

வயசு இல்லை. அன்செல்மோவின் மனைவி குக்கா இன்று நான் போனதும் அவனைக் குளிக்க அனுப்பிவிட்டுச் சொன்னாள். தலையில் வாங்கிய அடிகள் எல்லாம் சேர்ந்து இப்போது வேலையைக் காட்டுகின்றனவாம். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. பாங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தானாம். போட வேண்டிய பெயர் என்ன என்று தெரியவில்லை.

முதலாளியிடம் சொல்லிச் சண்டையை நிறுத்துகிறேன் என்றேன்.

"அண்ணே, அதை மட்டும் செய்யாதீங்க. விடிஞ்சு எழுந்தா அந்த ஒரு நாளைத்தான் சொல்லிட்டிருக்காரு. அதையும் புடுங்கிட்டா வீட்டுல எதை நெனச்சு உக்காந்திருப்பாரு?"

அன்செல்மோ குளித்துவிட்டு வந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

ஆகஸ்ட் 6

குக்கா சொன்னதைக் கேட்காமல் முதலாளியிடம் போய்விட்டேன். நோய் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபாரோ களைத்துவிட்டான், வேண்டாம் என்றேன். சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, டிக்கெட் பாதி விற்றாகிவிட்டது என்றார். சரி, முடிவையாவது மாற்றுங்கள், நான் தோற்கிறேன், என் முகமூடியை அவிழ்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த முகமூடிக்குள்தான் என் பிழைப்பு முழுவதும் இருக்கிறது.

அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

"உன் மூஞ்சியப் பாக்க எவன்யா டிக்கெட் வாங்குவான்?"

ஆகஸ்ட் 23, ஞாயிறு

குக்கா அவனுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கிறாள். சமையலறையில் கரண்டியை மைக்குபோல் நீட்டி. "அன்செல்மோ கிரோகா. அல்வராதோ ஊர். முப்பத்திரண்டு வருஷம்." அவனும் திருப்பிச் சொல்கிறான். காலையில் நன்றாகச் சொன்னான். மத்தியானம் கரண்டியைத் தட்டிவிட்டு, "என் பேரு எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா?" என்று கத்தினான். அப்புறம் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து வெளியே தெரிந்த வருடம்கூட அழவில்லை.

சாயங்காலம் பழைய ஆண்டுவிழாக்களை எல்லாம் சொன்னான். எந்த வருடம் யாரோடு, எந்த மூலையிலிருந்து குதித்தான், எந்த வருடம் மழை ஒழுகி ரிங் வழுக்கியது, எல்லாம். ஒன்றும் தப்பில்லை. ஆனால் 'நான் குதித்தேன்' என்று சொல்லவில்லை. 'ஃபாரோ குதித்தான்' என்றான். பிடித்த வீரனைப் பற்றி டீக்கடையில் பேசுகிறவன் மாதிரி.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது. என்ன செய்ய? என்னைப் பிடித்தவனைத் தூக்கி எறியத் தெரியும், விழத் தெரியும். வேறென்ன தெரியும் எனக்கு?

செப்டம்பர் 17

ஒரு வழி தோன்றியிருக்கிறது. மைக் வரும்போது நான் பக்கத்தில்தான் நிற்பேன். முகமூடி என் கையில் இருக்கும். காதோடு சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடமாகக் காதோடு பேசியே சண்டை போட்டவர்கள், இதைச் செய்ய முடியாதா? குக்காவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

செப்டம்பர் 18, வெள்ளி

முடிந்தது. இப்போது எழுத முடியாது.

செப்டம்பர் 19

அவனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். மூன்று சுற்றும் ஃபாரோவாகவே இருந்தான். "திபு, கயிறு." "திபு, குனி." "திபு, இப்ப." எனக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசிச் சுற்றில் அவன் தோளைத் தரையில் அழுத்தினேன், நடுவர் மூன்று தட்டினார். சின்னப் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த வெற்றி ஒரு துளிகூட இனிக்கவில்லை.

பின்னந்தலை நாடாவை அவனே அவிழ்த்தான். முகமூடியை என் கையில் கொடுத்தான். அவன் முகத்தை அரீனா முதல் தடவையாகப் பார்த்தது. நரைத்த மீசை. விளக்குகளைப் பார்த்து விழித்தான். மைக்கை வாயருகே நீட்டினார்கள். பேசவில்லை.

அரீனா அமைதியாக இருந்தது. அத்தனை ஜனம் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை. குக்கா முன் வரிசையில் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிப்பிடிக்கிற மாதிரி அவன் மேல் சாய்ந்து காதோடு சொன்னேன். அன்செல்மோ கிரோகா. சொல்லுடா, அன்செல்மோ கிரோகா.

திரும்பி என்னைப் பார்த்தான். முகமூடி ஓட்டைக்குள் இருக்கிற என் கண்ணைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது — தெரிந்த ஆளைக் கண்டுவிட்டவன்போல. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துவிட்டது, பிழைத்தோம் என்று நினைத்தேன். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"திபுர்சியோ ஸால்திவார். ஆப்பான் ஊர். முப்பத்திரண்டு வருஷமா மல்யுத்தம்."

என் பெயர். என் ஊர்.

ரிங்குக்குள் அவன் வாய் சொல்லிப் பழகிய ஒரே பெயர் அதுதானே. நான் ஏன் அதை யோசிக்கவில்லை? காதோடு பேசினால் அவன் வாயில் அதுதான் வரும் என்று எனக்கு ஏன்டா தோணல?

அரீனா எழுந்து நின்றது. திபுர்சியோ, திபுர்சியோ, திபுர்சியோ. மரியாதைக்காகக் காசுகளை ரிங்குக்குள் வீசினார்கள். நடைவழியில் என் பெயரை வாழ்த்திக்கொண்டே, ஃபாரோவைத் தோற்கடித்த ஆத்திரத்தில் என் தலையில் பீர் ஊற்றினார்கள். மைக்கைப் பிடுங்கி, இல்லை, இவன் அன்செல்மோ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், தன் பெயரே தெரியாத கிழவன் என்று அவனை அத்தனை பேர் முன்னால் நிறுத்தியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

உள்ளே போனதும் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"கேட்டியாடா? என் பேரைக் கத்துனானுங்கடா."

கேட்டேன் என்றேன்.

செப்டம்பர் 20

எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். அவன் முகம், கீழே என் பெயர்.

முதலாளிக்கு நிஜப் பெயர் தெரியும், உரிமச் சீட்டு அவரிடம்தானே இருக்கிறது. கூப்பிட்டு அனுப்பினார். திருத்தம் போடச் சொன்னால் ஏன் தப்பாகச் சொன்னான் என்று கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்றார். இப்படியே விட்டுவிடலாம் என்றார். அந்த மனிதர் தலையைக் குனிந்து பேசி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 24

ஆப்பானிலிருந்து அக்கா போன் செய்தாள். நான்தான் கந்துவட்டிக்காரன் என்று வீட்டில் தெரிந்த ஒரே ஆள். சிரிக்கிறாள்.

"டேய், ஃபாரோவுக்கும் உன் பேராமேடா, நம்ம ஊராமே. உன் பேரு நாலு பேருக்குத் தெரியணும்னு அம்மா வேண்டாத சாமியில்ல. தெரிஞ்சுபோச்சு பாரு. மூஞ்சிதான் வேற."

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், என் கையில் முகமூடியும் இருக்கிறது.

அக்டோபர் 11

குக்கா வீட்டுக்குப் போனேன். தெருவில் வருகிறவன் போகிறவன் எல்லாம் கதவைத் தட்டி, தோன் திபுர்சியோ இருக்கிறாரா என்று கேட்கிறான். அன்செல்மோவும் எழுந்து போய்க் கை கொடுக்கிறான். அன்செல்மோ என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாள். நேற்றிலிருந்து அவளும் விட்டுவிட்டாளாம்.

"கட்டின புருஷனை உங்க பேரு சொல்லிக் கூப்புடுறேண்ணே. அப்பதான் சாப்பிட வர்றாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள். சோள மாவில் வேகவைத்த தமாலே வைத்துக் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தோம். அவன் மட்டும் நன்றாகச் சாப்பிட்டான்.

நவம்பர் 2

மூன்று வாரமாகச் சண்டைக்குப் போகவில்லை. முழங்கால் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 16, சனி

சனிக்கிழமைகளில் நான்தான் அவனைச் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன். குக்கா கொஞ்ச நேரம் கண்ணயர்வாள்.

மீன் கடையிலிருந்து "தோன் திபுர்சியோ" என்று குரல் வந்தால் அவன் கையைத் தூக்குகிறான். ஆரம்பத்தில் நானும் திரும்பிவிடுவேன். இப்போது கழுத்து பழகிவிட்டது.

இன்று பழச்சாறு விற்கிற அம்மாள் ஒருத்தி அவனிடம் காசு வாங்க மாட்டேன் என்றாள். அவள் புருஷன் சாகிறவரை ஆண்டுவிழாவுக்குத் தவறாமல் போவானாம், ஃபாரோவைப் பார்க்க. சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவன் அவள் தலையில் கை வைத்தான். பிறகு மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, அண்ணன் பெயர் என்ன என்று கேட்டாள்.

ஏதாவது ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். யாராவது ஒருத்தர் சந்தையில் அதை உரக்கச் சொல்லட்டும் என்று இருந்தது.

"அன்செல்மோ கிரோகா" என்றேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினான்.

"சந்தோஷங்க. நான் திபுர்சியோ ஸால்திவார்."

அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.