பாதியாக வெட்டிய ஆஸ்டர்கள்

அன்பு மனைவிக்கு,

இது என் கையெழுத்தேதான். நூலகத்தில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் உன் தங்கை டோரீன் எடுத்து, நீ தூங்குவதாகச் சொல்கிறாள். காலை பதினொரு மணிக்கு என்ன தூக்கம்?

மே மாதக் கடைசியில் உன் ஆஸ்டர் பூச்செடிகளைப் பாதி உயரத்துக்கு வெட்டினேன். வெட்டினால்தான் நன்றாகக் கிளைத்து, செப்டம்பரில் சாயாமல் பூக்கும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அன்று நம் வீட்டுக்கு வந்திருந்த டோரீன், "பாத்தியாக்கா, அம்மா குடுத்த செடிய இந்த மனுஷன் மொட்டையடிச்சுட்டாரு. நீ கெளம்பு" என்றாள். நீயும் கிளம்பிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? வருடாவருடம் அவை மழையில் சாயும்போதெல்லாம் குச்சி நட்டுக் கயிறு கட்டியது யார், டோரீனா?

இப்போது ஒரு குச்சிகூடக் கிடையாது. வேலியோரப் பாத்தி முழுக்க ஊதா இதழும் மஞ்சள் நடுவுமாக நிமிர்ந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டு வில்ஃப் எட்டிப் பார்த்து, "பொண்டாட்டி இல்லேன்னா தோட்டம் நல்லா வருதுபோலப்பா" என்கிறான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ வந்து, அந்தப் பூக்களுக்கு முன்னால் நின்று, நான் கெடுத்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்ல முடிந்தால், உன் பெட்டியை நானே டோரீன் வீட்டுக்குத் தூக்கி வருகிறேன். சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன்.

கோபம் தீராத
உன் கணவன்