என் பையில் இருந்த அவர் கற்கண்டு

எல்லாம் வல்ல இறைவன் திருவடி போற்றி.

அன்புத் துணைவிக்கு, உன் மூட்டுவலி தணிந்ததா? நான் நலம்.

வசந்தகால மராத்தானை ஓடி முடித்தேன். எங்கள் முதியோர் குழுவில் இருவர் இருவராக, பிரியாமல் ஓடுவதே முறை. என் இணையான கிடங்குக் காவலாளி சர்க்கரை நோயாளி. இரத்தச் சர்க்கரை சட்டென இறங்கினால் அவர் வாயில் போட வேண்டிய கற்கண்டு என் இடுப்புப்பையில் இருந்தது. பதக்க ஆசையில் அதை மறந்து, அவரை விட்டு முன்னே ஓடிவிட்டேன். வழியில் மயங்கியவரைப் பிறர் தேற்றி அழைத்துவந்தனர்.

“என்ன அண்ணே, என் கற்கண்டு ஜெயிச்சுடுச்சா?” என்று சிரித்தார். நாள்தோறும் திருமறை ஓதும் என் நாவில் மன்னிப்பு எழவில்லை. அவரோ கற்கண்டை வாங்கி உடைத்து, பாதியை எனக்கே தந்தார்.

நான் அனுப்பிய பதக்கப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாதே. மன்னிப்பை எப்படிக் கேட்பதென்று எழுது. இங்கே யோசனை கேட்க எனக்கு எவருமில்லை. வேலைக்கு நேரமாயிற்று.

நீயும் நம் மக்களும் குறைவின்றி வாழ இறையருள் சூழ்க.