பின் சீட்டை அடைத்த பெட்டி

எதிர் வீட்டுப் பையன் காரில் புதிதாக ஏதோ மாட்டியிருக்கிறான். இன்று காலை வாசலில் நிறுத்தி அதைப் போட்டுப் பார்த்தான். நம் அடுப்படி அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. மருமகள் சண்டைக்குக் கிளம்பினாள். நான்தான் பிடித்து நிறுத்தினேன். சண்டை போட வேண்டியது சத்தத்துக்காக இல்லை. அவன் ஸ்பீக்கர் பெட்டியில் எங்கோ இடுக்கு விட்டிருக்கிறது. மேளத்தின் ஒவ்வொரு அடியும் விழுந்த பிறகு இழுத்துக்கொண்டே போகிறது, அடுத்த அடி அதன் மேலேயே போய் விழுகிறது. நீங்கள் இருந்திருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டியிருப்பீர்கள். "சத்தம் பெருசா இருந்து என்ன செய்ய, தெளிவா இருக்கணும்ல" என்று அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருப்பீர்கள். ஊர்ப் பிள்ளைகளிடம் பேச உங்களுக்கு எப்போதும் வாய் இருந்தது. வீட்டுக்குள்தான் இல்லை.

கோபமாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன். போகப் போகத் தணிகிறதா என்று பார்ப்போம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வத்தலக்குண்டிலிருந்து வாழ வந்த இந்த வீடு, அப்போது நம் புகையிலைக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தலையணை, சோறு, என் கல்யாணப் புடவை எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறிவிட்டது. அத்தை, உங்கள் அண்ணன், நான் அக்கா என்று கூப்பிட்ட உங்கள் அண்ணி, அவர்கள் பிள்ளைகள், புருஷனை இழந்து அத்தையோடு வந்து தங்கிவிட்ட உங்கள் பெரியம்மா என்று எந்த மூலையிலும் ஆள் இருந்தது. உங்களோடு பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பேச இடம்தான் இல்லை. அடுப்படியில் அக்கா, கொல்லையில் பெரியம்மா. படுக்கப் போனால் நம் அறை வாசலிலேயே பெரியம்மாவின் பாய். அவர் இருமிக்கொண்டே இருந்தால் தூங்குகிறார் என்று அர்த்தம். இருமல் நின்றால் காது திறந்திருக்கிறது.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. தனியாக ஒரு வீடு. ஒரு அறையும் ஒரு அடுப்படியும் போதும். அங்கே நின்று, "ஏங்க, இங்க வாங்க" என்று உங்களை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். காதோரம் அதைச் சொன்னபோது நீங்கள், "பாக்கலாம்" என்றீர்கள். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னீர்கள்.

வீட்டுக்கு ஒரே கார். அதை ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் மட்டும். முன்னால் உங்கள் பக்கத்தில் அத்தை. பின்னால் அக்கா, பெரியம்மா, பிள்ளைகள், நடுவில் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான். என் அம்மா வீட்டுக்குப் போனாலும் அந்தப் பின் சீட்டு மொத்தமும் கூடவே வந்து இறங்கும். அம்மாவிடம் ஒரு வார்த்தை அழக்கூட வழியில்லாமல் அதே சீட்டில் திரும்பி வந்திருக்கிறேன். வழியெல்லாம் உங்கள் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன்.

அந்த நேரத்தில்தான் உங்களுக்குக் காரில் இருந்த ரேடியோவின் மேல் பித்துப் பிடித்தது. அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். "நாதஸ்வரம் வருது, தவில் எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் செய்த ராவுத்தரை வீட்டுக்கே கூட்டிவந்தீர்கள். கதவிலேயே பெரிய ஸ்பீக்கராக மாட்டலாமா என்று நீங்கள் கேட்க, அவர், "தகரத்துல மாட்டினா தகரந்தான் பாடும் மொதலாளி" என்றார். மரப்பெட்டிதான் சரி என்று முடிவாயிற்று. ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கோனுக்கு முன்னால் வரும் சத்தமும் பின்னால் போகும் சத்தமும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம். அதனால் பெட்டியில் ஊசி நுழைய இடம் இருக்கக் கூடாது. ஆம்ப்ளிபயருக்குத் தேர்தல் கார்களில் வைக்கிற பேட்டரி செட்டைச் சொன்னார். சின்னதை வாங்கி முழுக்கத் திருகினால் சத்தம் கிழியும், பெரிதை வாங்கிப் பாதியில் வைத்தால் மேட்டில் ஏறும் நல்ல மாடு மாதிரி திணறாமல் இழுக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். ஸ்பீக்கர் அளவில் மட்டும் பிடிவாதம்.

"பத்து இஞ்சே தாராளம் மொதலாளி. பன்னெண்டு போட்டா பெட்டி பின் சீட்டையே முழுங்கிரும்."

"பன்னெண்டே போடுங்க" என்றீர்கள்.

காபி கொண்டுவந்த நான் அதைக் கேட்டேன். கூறுகெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

தேக்குப் பெட்டி நம் அறைக்கு வந்தது. இலவம்பஞ்சை உதறி உதறி உள்ளே அடைத்தது நான்தான். இடுக்குகளை ஊதுபத்தி வைத்துக் கண்டுபிடித்தோம். நீங்கள் கோனை மெதுவாக அழுத்தினால், காற்று கசியும் மூட்டில் புகை நெளியும். அந்த இடத்தில் மெழுகு வைத்து அடைப்போம். பிறகு நான் கண்ணை மூடி உட்கார வேண்டும். தவிலில் அடுத்தடுத்து விழும் இரண்டு அடி தனித்தனியாகக் கேட்கிறதா, குழம்புகிறதா என்று சொல்ல வேண்டும். எனக்கு அது கேட்டது. உங்களுக்குக் கேட்காததுகூட எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. "வயித்தக் கலக்குது, நிறுத்துங்கப்பா" என்று பெரியம்மா வாசலில் இருந்து சத்தம் போட்டார்கள்.

பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியை வைத்தபோது இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக அடைத்துக்கொண்டது. அத்தை குனிந்து பார்த்தார்கள்.

"ஏலே, நாங்கல்லாம் எங்கிட்டு உக்கார்றது?"

"வெளியூர் போறப்ப எடுத்துரலாம்மா. ஓட்டிப் பாத்துத்தான் சத்தத்தச் சரி பண்ண முடியும்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள். "கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணும். அவளுக்கு நல்ல காது."

அப்படித்தான் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். தாடிக்கொம்பு சாலையில் ஊர் தாண்டியதும் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினீர்கள். கண்ணாடிகளை ஏற்றினீர்கள். ரேடியோவைப் போடப் போகிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பேசு" என்றீர்கள்.

"என்னத்த?"

"அம்புட்டையும்."

எதற்காகப் பன்னிரண்டு அங்குலம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுதுவிட்டேன். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த ஆசைக்கு அளவே இல்லை.

வாரா வாரம் போனோம். பெட்டியில் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு குறை கண்டுபிடித்தீர்கள். "லேசா ஒரு அதிர்வு இருக்கும்மா" என்று நீங்கள் சொல்லும்போது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஒரு நாள் பூக்கூடையோடு போன அம்மாள் ஒருத்தி கண்ணாடியைத் தட்டி, "என்ன தாயி, வண்டி நின்னு போச்சா?" என்று கேட்டாள். "இல்லக்கா, சத்தம் பாக்குறோம்" என்றேன். "சத்தத்தையே காணமே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் கோடை வந்ததும் அந்தக் காரும் ஒரு அறைதான் என்று தெரிந்துவிட்டது. கண்ணாடியை இறக்கினால் யார் காதிலாவது விழும் என்று உங்களுக்குப் பயம். வேர்த்து ஊற்ற உட்கார்ந்து நான் வீட்டைப் பற்றிக் கேட்பேன். நீங்கள் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "பாக்கலாம்" என்பீர்கள். உங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. எனக்கு அதற்குப் பிறகு வீட்டுக்குள் நுழைவது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்களிடம் இருந்த துணிச்சலையெல்லாம் பெட்டி செய்து தீர்த்துவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

"இன்னிக்கு அத்தைகிட்டக் கேட்டுருங்க. இல்லன்னா இனிமே நான் இந்தக் காருல ஏற மாட்டேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

திரும்பி வந்ததும் நேராக முற்றத்துக்குப் போனீர்கள். அத்தை புளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அம்மா."

"என்னப்பு?"

புளியங்கொட்டைகள் தட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பெட்டி" என்றீர்கள்.

"பெட்டிக்கு என்ன?"

"எடுத்துரலாம்னு பாக்கேன். உங்களுக்கெல்லாம் உக்கார எடமில்லாம இருக்கு."

அத்தை தலையைத் தூக்கி உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "சரி, எடுத்துரு" என்றார்கள்.

மறுநாள் பின் சீட்டு வந்துவிட்டது. பெட்டி கிடங்குக்குப் போனது. அந்த வாரம் எல்லாருமாகக் கோயிலுக்குப் போனோம். மடியில் அண்ணன் பிள்ளை, எதிரே உங்கள் பிடரி. அதன் பிறகு நான் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. நல்ல புருஷனாகத்தான் இருந்தீர்கள். என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, ஒரு சொல் கடிந்ததில்லை. அதனால்தான் யாரிடமும் போய் முறையிட முடியவில்லை.

வருஷங்கள் போய் அத்தை படுக்கையில் விழுந்தார்கள். நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் தலை வாரிவிடும்போது அவர்களாகவே ஆரம்பித்தார்கள்.

"அன்னிக்கு அவன் எதுக்கு வந்து நின்னான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"என்னைக்கு அத்தை?"

"பெட்டிய எடுக்குறேன்னு சொன்னானே, அன்னைக்கு. தனியா போக வீடு கேக்கத்தான வந்தான். கேட்டிருந்தா போங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அடுத்த தெருவுல ஒரு வீடு காலியாக் கெடந்துச்சு, அதக்கூட மனசுல வச்சிருந்தேன். வாயத் தெறந்து கேக்காதவன நானா வெளிய அனுப்பினா, பெத்த பிள்ளையத் தொரத்திட்டாளேன்னு ஊரு பேசாதா?"

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. "வாரு, ஏன் நிறுத்திட்ட?" என்றார்கள்.

மத்தியானம் நீங்கள் சாப்பிட வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா ஏதும் சொன்னாளா?" என்றீர்கள். சொல்லியிருக்கலாம். அதற்குள் உங்களுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அதைக் கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு வாய் சோறு இறங்கியிருக்காது.

"வெஞ்சனத்துல உப்பு பத்தலையாம்" என்றேன்.

நீங்கள் தட்டில் இருந்த கூட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "சரியாத்தான இருக்கு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னீர்கள்.

அத்தையும் போய்விட்டார்கள், நீங்களும் போய்விட்டீர்கள். யாரும் பூட்டாத கதவுக்கு முன்னால் நாம் மூன்று பேரும் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், இதே வீட்டில்.