கடைசிப் பத்து நிமிடம்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். நீயும் சின்னவளும் சுகந்தானே? அத்தையின் மூட்டுவலி தேவலையா?

எங்கள் தியேட்டரில் மூன்று வாரமாக ஒரு பிரெஞ்சுக் காதல் படம் ஓடுகிறது. கூட்டிப் பெருக்குகிற எனக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் பார்க்க வாய்க்கும். தினமும் நான்கு காட்சியிலும் கதாநாயகி ஒரு தாடிக்காரனோடு ரயிலேறிவிடுவாள். இன்னொருவன் அவள் வீட்டு வாசலில் நின்று அழுவான். அவன்தான் புருஷன் என்று நினைத்து எனக்கு வயிறு எரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான், எலக்ட்ரீஷியன் மூன்றாம் தடவையாக வந்து நம் மோட்டாரைச் சரிசெய்தார், தங்கமான மனுஷர் என்று நீ எழுதியிருந்தாய்.

நேற்று லீவு. முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். பாஷை புரியாவிட்டாலும் கதை புரிந்தது. முதல் காட்சியில் பெட்டியோடு தூரதேசம் போகிற புருஷன்தான் தாடியோடு திரும்பி வருகிறான். அழுகிறவன் விளக்கு ரிப்பேர் செய்ய வந்தவன்!

"எல்லாரும் அழறாங்க, நீ ஏன்யா கைதட்டுற?" என்றார் டிக்கெட் கிழிக்கிற நம்மூர் அண்ணன்.

"வீட்டுக்காரன் வந்துட்டான்ணே!"

ஆனாலும் நடுவில் ஒன்றரை மணிநேரம் அந்தத் தங்கமான மனுஷன் அவள் வீட்டில்தான் இருந்தான். இனி மோட்டார் கெட்டால் உன் தம்பியைக் கூப்பிடு. அவன் வராவிட்டால் கெட்டே கிடக்கட்டும்.

ஊருக்கு வர லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். காட்சி முடியப்போகிறது, துடைப்பத்தை எடுக்க வேண்டும். ஒன்று சொல்ல மறந்தேன். எனக்கும் தாடி வளர்ந்துவிட்டது. கதவைத் திறந்ததும் யாரோ என்று நினைத்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்