ஒயர் எட்டும் தூரம்

மார்ச் 3, செவ்வாய்

பழைய மடிக்கணினியில் புது இயங்குதளம் ஏற்றினேன். நடுவில் அது ஏதோ கேட்டது: வைஃபையை எழுப்பும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, பென் டிரைவில் வைத்திருக்கிறாயா? ஜன்னலில் மேகம் பார்த்துக்கொண்டே ‘இல்லை’ என்று அழுத்திவிட்டேன். நான் எப்போதும் இப்படித்தான். இப்போது எல்லாம் இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை. அந்தக் கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். நல்ல கூத்து.

மார்ச் 4

போன் இணையத்தில் இறக்கலாம் என்றால், என் போன் பழுதுக்கடையில். அம்மாவுடையது பட்டன் போன். மிச்சம் தங்கையுடையதுதான். அவளோ என்னோடு பேசுவதில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்ததை என்னிடம் கடைசியாகத்தான் சொன்னாள். “போனா போ, யாரு புடிச்சு வச்சிருக்கா” என்று வாயை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். இப்படியே போய்விடுவாளோ?

மார்ச் 5

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். போனைக் கையை விட்டுத் தரமாட்டாள். கணினியில் ஒயரை மாட்டி, மறுமுனையைப் போனில் செருகிக்கொண்டு, என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள், முகத்தைத் திருப்பியபடி. ஒயர் ஒரு முழம்தான். ஈரத் தலையின் ஷாம்பு வாசனை. அவள் போனின் இணையம் கணினிக்குள் வந்தது. கோப்பு உடனே இறங்கிவிட்டது, இத்தனூண்டு.

“முடிஞ்சுதா?”

சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இல்ல. இன்னும் நிறைய இருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 6

இன்றும் வந்தாள். திரையில் ஏதேதோ எழுத்துகளை ஓடவிட்டேன். திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. அறை எங்கேயோ மிதந்து போவது போல இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் அதற்குள்.

“பயமா இருக்குக்கா,” என்றாள், திரையைப் பார்த்தபடியே. பிறகு என் தோளில் தூங்கிப்போனாள். கை மரத்துவிட்டது. அசையவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

போய்விட்டாள். பஸ் ஏறும்போது சொன்னாள்: “இனியாவது வைஃபையைப் போட்டுக்கோ, லூசு. அந்தக் கோப்பு அன்னைக்கே வந்துடுச்சு. பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்?”

வீட்டுக்கு வந்து போட்டேன். வந்தது. அழுகையும் வந்தது.

மார்ச் 19

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, என் கம்ப்யூட்டர்ல நெட்டே வரல. லைன்லயே இரு.”

“என்ன காட்டுது?”

“தெரியல. நிறைய இருக்கு. நீ இரு.”

அவளுக்குப் பின்னால் அவள் கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நடுநடுவே இணைய விளம்பரத்தோடு. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. தலையணையைச் சுவரில் சாய்த்து வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.