பதினான்கு ஹீட்டர்களில் மாட்டிய ரப்பர் மூடிகள்

அனுப்புநர்:
பதினோராம் எண் வீட்டு வாடகைதாரர்,
(தொழில்: தையல் ஆசிரியை)
மூன்றாம் மாடி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
காப்பீட்டு அலுவலகம்.

பொருள்: ஹீட்டர் வெடித்த விபத்தில் இழப்பீடு மறுக்கப்பட்டது, கட்டடத்தின் மற்ற பதின்மூன்று ஹீட்டர்களையும் உடனே சோதிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது மனு. முதல் மூன்றும் எந்த மேசையில் தூங்குகின்றன என்று தெரியாததால், மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

1. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் எங்கள் குளியலறை ஹீட்டர் வெடித்தது. என் கணவர் உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தார். கொதிநீர் பட்டு, வலது தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. அவர் பஸ் டிரைவர். கட்டுப் பிரித்த பிறகும் கையை ஸ்டியரிங் உயரத்துக்குத் தூக்க முடியவில்லை.

2. ஹீட்டரின் பாதுகாப்பு வால்வை நான் அடைத்துவிட்டதால் இழப்பீடு கிடையாது என்கிறது தங்கள் கடிதம். அடைத்தது நான்தான் ஐயா. பார்வையிட வந்த தங்கள் ஊழியர் கேட்டதுமே சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டே அவர், "ஏம்மா, இதையெல்லாம் நீங்களே சொல்றீங்க?" என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர். ஏன் அடைத்தேன் என்று மட்டும் கேட்கவில்லை.

3. கட்டடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். எல்லா வீட்டு வால்வுக் குழாய்களும் வெளிச்சுவரில்தான் சொட்டும். ஒரே மாதத்தில் சுவரில் பாசிக் கோடுகள் விழுந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு வீடாக வந்து, குழாய் நுனியில் மாட்டச் சொல்லி ஆளுக்கொரு ரப்பர் மூடி கொடுத்தார். நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தண்ணீர் சூடாகும்போது அழுத்தம் வெளியேறத்தான் அது சொட்டுகிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அன்றைக்கே மாட்டினேன். சொன்ன பேச்சு கேட்கிற வீடு என்று சங்கக் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்கள். இந்தக் கட்டடத்தில் எங்களை யாராவது பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

4. விபத்துக்குப் பிறகு அந்த நோட்டைக் காணவில்லை. அப்படி ஒரு மூடியைத் தான் கண்ணாலேயே கண்டதில்லை என்று செயலாளர் சாதிக்கிறார். வீட்டு உரிமையாளர் போனை எடுப்பதில்லை. மற்றவர்களாவது மூடியைக் கழற்றட்டும் என்று தங்கள் மறுப்புக் கடிதத்தின் நகலை லிஃப்டில் ஒட்டினேன். அது பெரிய தப்பாகப் போயிற்று. ஹீட்டருக்குப் பயப்படுவார்கள் என்று பார்த்தால் கடிதத்துக்குப் பயந்துவிட்டார்கள். கழற்றினால் மாட்டியதை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். நாளைக்கு அவர்களுக்கும் எங்கள் கதிதானாம். இப்போது லிஃப்டில் என்னைக் கண்டால் ஏறாமல் படியேறிப் போய்விடுகிறார்கள்.

5. எங்களுக்கு நேர் மேல்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதைக் குளிப்பாட்டத் தினமும் காலை ஆறேகாலுக்கு ஹீட்டர் போடுகிறார்கள். தண்ணீர் இரையும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. அந்தச் சத்தம் தொடங்கியதும் என் கணவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார். நான் போவதில்லை. அந்தக் குழந்தையின் அழுகை கேட்கும்வரை, அப்புறம் அது ஓயும்வரை, அடுப்படியில் கை ஓடாமல் நிற்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது ஐயா.

ஆகவே என் இழப்பீட்டைத் தாங்கள் சாவகாசமாகப் பார்க்கலாம். மூடியைக் கழற்றுபவர்கள்மீது குற்றம் சுமத்தப்படாது என்று முத்திரையிட்டு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அவர்களே கழற்றிவிடுவார்கள். அதற்கு விதியில் இடமில்லை என்றால், பதினான்கு மூடிகளையும் நானே மாட்டினேன் என்று எழுதித் தருகிறேன்; அவர்கள் பயமில்லாமல் கழற்றட்டும். எப்படியும் ஒப்புக்கொண்டவள் நான் ஒருத்திதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் தெரிவிக்கவும். நாளைக் காலை ஆறு மணிக்குள் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பதினோராம் எண் வீட்டு வாடகைதாரர்

நாள்: 14-ஆம் தேதி, செவ்வாய்
இடம்: மேற்படி முகவரி